பிடித்த குழுவுக்குக் கேபிள் இழுத்த நாள்

தொலைக்காட்சியில் ஒலிப் பிரிவில் வேலை என்று சொன்னால் அடுத்த கேள்வி தவறாமல் வரும்: "அப்போ பெரிய பெரிய ஆளுங்களை எல்லாம் கிட்டக்க பார்த்திருப்பீங்களே?" பார்த்திருக்கிறேன், பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழே. மேடைத் தரையில் குந்தி உட்கார்ந்து கேபிளுக்கு டேப் ஒட்டுகிறவன் கண்ணில் முதலில் படுவது கலைஞர்களின் ஷூவும், கிட்டார் பெடல்களும், யார் எங்கே நிற்க வேண்டும் என்று போட்டு வைத்த குறிகளும்தான்.

எனக்கு மிகவும் பிடித்த ராக் குழுவையும் அப்படித்தான் முதன்முதலில் பார்த்தேன். பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் எந்த ஆல்பம் நல்ல ஆல்பம் என்று பாதிப் பேர் சண்டைக்கு வருவார்கள். நான்கு பேர். படிக்கிற காலத்திலிருந்து கேட்டு வருகிறேன். ஒரு பேட்டி, இரண்டு பாட்டு என்று நிகழ்ச்சிப் பதிவுக்கு வந்தார்கள்.

ஆட்கள் வருவதற்கு முன்பே அவர்களுடைய காகிதம் வந்துவிடும். இன்புட் லிஸ்ட் என்போம். ஒலிகளைக் கலக்கும் மிக்ஸர் என்ற கருவியின் எந்தச் சேனலில், அதாவது எந்த வழியில், எந்த வாத்தியம் வருகிறது, அதற்கு எந்த மைக் என்ற விவரம். கிக் டிரம், ஸ்னேர், டாம்கள், ஓவர்ஹெட், பேஸ் கிட்டார், மற்ற கிட்டார்கள் என்று வரிசையாகப் போய்க் கடைசியில் குரல்கள். பார்க்க மளிகைச் சீட்டு மாதிரிதான் இருக்கும். இந்தச் சீட்டில் நடுவே அக்கார்டியன் என்று ஒரு வரி. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர்கள் அக்கார்டியன் வாசித்தது ஒரே ஒரு பாட்டில், அதுவும் பழைய ஆல்பம் ஒன்றின் கடைசிப் பாட்டில். மேடைகளில் அதிகம் தொடமாட்டார்கள். என்ன பாடப் போகிறார்கள் என்று எங்கள் அலுவலகத்திலேயே பலருக்குத் தெரியாதபோது, மைக் பட்டியலைப் பார்த்து எனக்குத் தெரிந்துவிட்டது. இந்த வேலையின் சலுகை என்று எதையாவது சொல்வதானால் இதைத்தான் சொல்வேன். தோளில் கை போட்டு எடுத்துக்கொள்ளும் போட்டோ எல்லாம் அப்புறம்தான்.

பதிவு நாளில் முதலில் லைன் செக். ஒவ்வொரு வாத்தியமாக வாசிக்கச் சொல்லி, சத்தம் சரியாக வந்து சேர்கிறதா என்று பார்ப்போம். மிக்ஸரில் சோலோ பட்டனை அழுத்தினால் ஹெட்போனில் அந்த ஒரு சேனல் மட்டும் கேட்கும். ரசிகனுக்கு இப்படிக் கேட்க வாய்ப்பே இல்லை. பாடகர் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் மூக்கால் சட்டென்று மூச்சு இழுப்பார். ஆல்பத்தில் அதை வெட்டி எடுத்திருக்கிறார்கள் போல. அதைவிட என்னை அசைத்தது பேஸ் கிட்டார். அந்த அக்கார்டியன் பாட்டுக்கு ஒரு தள்ளாட்டம் உண்டு. நடை கொஞ்சம் பின்தங்கி வருவது போல இருக்கும். அது டிரம்மரின் கைவண்ணம் என்றே இத்தனை காலமும் நினைத்திருந்தேன், நண்பர்களிடம் வாதாடியும் இருக்கிறேன். சோலோவில் கேட்டபோது டிரம்ஸ் கடிகாரம் போல நேராகப் போகிறது. பேஸ் வாசிப்பவர்தான் ஒவ்வொரு அடியையும் மயிரிழை தாமதித்துப் போடுகிறார். புகைப்படங்களில் ஓரமாக நிற்கிற மனிதர். பேட்டியில்கூட அவரிடம் யாரும் கேள்வி கேட்கவில்லை.

அடுத்தது கேமரா ஒத்திகை. ரசிகர்கள் இதைப் பார்க்காமலிருப்பதே நல்லது. எந்த வரியில் எந்த கேமரா என்று இயக்குநர் முடிவு செய்வதற்காகப் பாட்டைத் திரும்பத் திரும்ப வாசிக்க வேண்டும். குரலைச் சேமிக்கப் பாடகர் உச்ச வரிகளை ஒரு ஸ்தாயி இறக்கி முணுமுணுப்பார். நான் உயிரை விட்டுக் கேட்ட வரியைத் தண்ணீர் பாட்டிலைத் திருகிக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார். வருத்தமாக இருந்ததா என்றால், இல்லை. அவரும் வேலை பார்க்கிறார், நானும் வேலை பார்க்கிறேன், அவ்வளவுதான்.

பார்வையாளர்கள் வந்து உட்கார்ந்ததும், அவர்களைக் கலகலப்பாக்க ஒருவர் வந்து ஜோக் சொல்வார். கைதட்டலைத் தனியாகவும் பதிவு செய்து வைத்துக்கொள்வோம், எடிட்டிங்கில் உதவும். நேரில் வந்து கேட்பவர்களுக்குத்தான் நல்ல சத்தம் கிடைக்கும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. ஸ்டுடியோவில் அப்படி இல்லை. அரங்க ஸ்பீக்கரை ஏற்றினால் அந்தச் சத்தம் மேடையிலுள்ள எல்லா மைக்கிலும் ஏறி மிக்ஸ் குழம்பிவிடும். ஆகவே அடக்கியே வைப்போம். முன்வரிசைக்காரருக்கு ஸ்னேர் காதைத் துளைக்கும், பாட்டின் சொற்கள் சரியாகக் கேட்காது. நிகழ்ச்சி வீட்டில் பார்ப்பவருக்காகத்தான். 1964 பிப்ரவரி 9 அன்று அமெரிக்கத் தொலைக்காட்சியின் எட் சல்லிவன் நிகழ்ச்சியில் பீட்டில்ஸ் குழு பாடியபோது அரங்கில் இருக்கைகள் 728. வீடுகளில் பார்த்தவர்கள் சுமார் 7.3 கோடி. அன்றைக்கு அவர்களில் ஒருவரான ஜான் லெனனின் மைக் அளவு குறைவாகப் போனது என்பது எங்கள் தொழிலில் பிரசித்தம். ஒத்திகையில் அளவுகளைச் சரிபார்த்து மிக்ஸரில் சாக்பீஸால் குறித்து வைத்ததாகவும், இடைவேளையில் துப்புரவுப் பணியாளர் பளிச்சென்று துடைத்துவிட்டதாகவும் பீட்டில்ஸ் குழுவினரே பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் மிக்ஸர்கள் அமைப்பைத் தாமே நினைவில் வைத்துக்கொள்ளும். ஆனாலும் டேப்பில் பேனாவால் எழுதி ஒட்டுகிற பழக்கம் என்னை விடவில்லை.

சரி, பதிவு. அக்கார்டியன் பாட்டு முதல் டேக்கிலேயே பிரமாதமாக வந்தது. நடுவில் ஓரிடத்தில் டிரம்மர் சிரித்துவிட்டார், பேஸ் வாசிப்பவர் திரும்பிப் பார்த்தார், அதற்குப் பிறகு நால்வரும் வேறு ஏதோ நிலையில் இருந்தார்கள். அவர் போட்ட அந்தத் தாமதம் இன்னும் கொஞ்சம் நீண்டது. விழுந்துவிடுவார்களோ என்று தோன்றுகிற வரைக்கும் போனது. பாட்டு முடிந்ததும் கட்டுப்பாட்டு அறையிலிருந்து பேசும் டாக்பேக்கில் இயக்குநரின் குரல்: "சூப்பர். லைட் ஒண்ணு மிஸ் ஆயிடுச்சு, இன்னொண்ணு போயிடலாம்." ஃப்ளோர் மேனேஜர் அதை மரியாதையான மொழியில் குழுவிடம் சொன்னார். மறுபடி வாசித்தார்கள். பிழையில்லை. லைட்டும் சரியாக எரிந்தது. ஒளிபரப்பில் போனது அதுதான்.

1993 நவம்பர் 18-ல் எம்டிவியின் 'அன்பிளக்ட்' தொடருக்காக நிர்வானா என்ற ராக் குழு நியூயார்க்கில் வாசித்தபோது எந்தப் பாட்டையும் இரண்டாம் தடவை எடுக்கவில்லை. அந்தத் தொடரில் மறுபடி எடுப்பது சகஜம். அதைச் சாதாரணச் செய்தியாகத்தான் படித்திருந்தேன். அன்றைக்கு லைட்டுக்காக ஒரு நல்ல டேக் ஓரங்கட்டப்பட்டதைப் பார்த்த பிறகுதான், மறுக்கிற துணிச்சல் எவ்வளவு பெரியது என்று உறைத்தது. இயக்குநரையும் குறை சொல்ல முடியாது. இருட்டில் நிற்கும் பாடகரை ஒளிபரப்பினால் கேள்வி இயக்குநரிடம்தான் வரும், என்னிடம் வராது.

ஒளிபரப்பான இரவு நண்பன் போன் செய்தான். "சவுண்ட் ஏன் இப்படி அடக்கமா இருக்கு?" என்றான். ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 2010-ல் ஒலியளவு பற்றிக் கொண்டுவந்த ஆர்128 பரிந்துரையில் தொடங்கி, சராசரி அளவு எல்யுஎஃப்எஸ் என்ற ஒலி உரப்பு அலகில் −23, தொகுப்பாளர் பேச்சும் ராக் பாட்டும் ஒன்றையொன்று அமுக்கக் கூடாது என்றெல்லாம் விளக்கினேன். பாதியிலேயே, "வாசிச்சது எப்படிடா இருந்தது, அதைச் சொல்லு" என்றான். முதல் டேக்கைப் பற்றிச் சொன்னேன். அவன் கேட்கவே முடியாத ஒன்றைப் பற்றிப் பேசுவது கொஞ்சம் கொடுமைதான். நல்ல வேளையாக, அவர்கள் கச்சேரி ஒன்று அடுத்து அறிவிக்கப்பட்டது. இருவரும் டிக்கெட் வாங்கினோம். நடுவில் நின்றால்தான் நன்றாகத் தெரியும் என்று அவன் எவ்வளவோ சொல்லியும் கேட்காமல், பேஸ் வாசிப்பவர் நிற்கும் பக்கத்துக்கு அவனை இழுத்துக்கொண்டு போனேன்.