கன்னியாவின் வெந்நீரும் கொழும்பின் மின்சாரமும்

கொழும்பு வெள்ளவத்தையில் வசிக்கும் எங்களுக்கு, நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நீடித்த 2022 மார்ச் இறுதி மறக்கக்கூடியதல்ல. இறக்குமதி எரிபொருளுக்குத் தட்டுப்பாடு வந்தால் நகரமே இருண்டுவிடும் என்பதை அப்போது கண்ட எனக்கு, நம் மண்ணுக்குள் இருக்கும் வெப்பத்தைப் பற்றி அறியும் ஆவல் மிகுந்தது. கோட்டைப் புகையிரத நிலையத்தில் இரவு வண்டி ஏறி, மாமாவுடன் திருகோணமலைக்குச் சென்றது அதனால்தான்.

இராவணன் தன் தாயின் ஈமக்கடனுக்காக உண்டாக்கியதாகச் சொல்லப்படும் கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளிலும் மக்கள் வாளியால் அள்ளிக் குளித்துக்கொண்டிருந்தார்கள். கிணற்றுக்குக் கிணறு சூடு சற்று மாறுகிறது. "இந்த வெந்நீரிலை கறண்ட் எடுக்கேலாதோ தம்பி?" என்று மாமா கேட்டார்.

நாற்பது பாகை செல்சியஸ் அளவிலான அந்த நீரால் நேரடியாகச் சுழலியைச் சுற்ற முடியாது. 1913இல் 250 கிலோவாட் நிலையம் எழுந்த இத்தாலியின் லார்டரெல்லோவில் நிலத்திலிருந்து நீராவியே பீறிடுகிறது. ஆனால் அலாஸ்காவின் சேனாவில் 2006 முதல் 74 பாகை நீரைக் கொண்டே மின்சாரம் எடுக்கிறார்கள். குறைந்த வெப்பத்தில் கொதிக்கும் வேறொரு திரவத்துக்கு அந்நீரின் சூட்டை மாற்றி, அத்திரவத்தின் ஆவியால் சுழலியை இயக்குகிறார்கள். அந்த ஆவியை மீண்டும் திரவமாக்க அங்கே பனிக்குளிர்ந்த நீர் கிடைக்கிறது, நம் வெப்பநாட்டில் அது கிடையாது. ஆகவே நமக்கு இன்னும் சூடான நீர் வேண்டும்.

அது ஆழத்தில்தான் இருக்க முடியும். இலங்கையில் எரிமலை இல்லை. மழைநீர் பாறைப் பிளவுகள் வழியே கீழிறங்கிச் சூடேறி மேலே வருகிறது, வரும் வழியில் ஆறியும் விடுகிறது. நமது வெந்நீரூற்றுகளில் பெரும்பாலானவை உயர்நிலத் தொகுதி, விஜயன் தொகுதி எனப்படும் இரு பாறைப் பகுதிகள் சேரும் எல்லையை ஒட்டியே அமைந்துள்ளன. பூமிக்குள் கிலோமீற்றருக்கு 25 முதல் 30 பாகை கூடுவது பொதுவான நிலை என்பதால், மூன்று கிலோமீற்றர் ஆழத்தில் நூறு பாகையை எதிர்பார்க்கலாம். ஆனால் அங்கே போதிய நீர் ஓடாவிட்டால் அச்சூட்டை மேலே கொண்டுவர வழியில்லை. துளையிடும் செலவு பெரிது என்பதால் தயக்கம் நியாயமானதே.

ஆயினும் நாட்டின் மின்தேவை உச்சமடைவது சூரியன் மறைந்த பிறகு. களனிதிஸ்ஸ மின்நிலையத்தில் எண்ணெய் எரிக்கும் அந்த நேரத்திலும், இரவு பகல் பாராமல் கிடைப்பது புவிவெப்பம். இறந்தோருக்கான அந்தியேட்டிக் கிரியைகள் நடக்கும் கன்னியாவைத் தொடக்கூடாது என்பதே என் உறுதியான எண்ணம். அதைவிடச் சூடான ஊற்றுகள் உள்ள அம்பாறையின் மகாஓயாப் பக்கம் முதலில் ஓர் ஆழமான ஆய்வுத்துளை இட்டு, அடியிலுள்ள வெப்பத்தையும் நீரோட்டத்தையும் அளந்து பார்க்க வேண்டும்.