துப்பாக்கிக் கம்பெனி டைப்ரைட்டர் என்று நினைத்து வாங்கியது

பழைய சாமான் கடையில் இதை வாங்கியதற்கு ஒரே காரணம் முகப்பில் இருந்த பெயர்தான். ரெமிங்டன். துப்பாக்கி செய்கிற கம்பெனி செய்த டைப்ரைட்டர் என்று வீட்டுக்கு வருகிறவர்களிடம் காட்டிப் பெருமையடிக்கலாம் என்று திட்டம். ஒன்றரை மாதமாக ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அரை மணி, ஒரு மணி என்று இதோடு உட்கார்ந்திருக்கிறேன். மெஷின் முக்கால்வாசி சரியாகிவிட்டது. பெருமையில்தான் கொஞ்சம் ஓட்டை விழுந்துவிட்டது, அதைப் பிறகு சொல்கிறேன்.

1920களின் சின்ன போர்ட்டபிள் மாடல் இது. எழுத்துக் கம்பிகள் எல்லாம் படுத்துக் கிடக்கும், வலது பக்கம் இருக்கிற குமிழை இழுத்தால் மொத்தமாக எழுந்து நிற்கும். பெட்டிக்குள் தட்டையாக அடங்க வேண்டும் என்பதற்காக அப்படி. என்னுடையதில் இழுத்தால் பாதி எழுந்தது, பாதி எழவில்லை. யாரோ எப்போதோ விட்ட எண்ணெய் தூசியோடு சேர்ந்து கோந்தாகியிருந்தது. நானும் முதல் நாள் அதே தப்பைத்தான் செய்தேன்: தையல் மெஷின் எண்ணெயை நாலு சொட்டு விட்டேன், ஒரு மணி நேரம் ஜோராக அடித்தது, மறுநாள் காலையில் பார்த்தால் முன்னைவிட மோசம். அப்புறம் மொட்டைமாடியில் உட்கார்ந்து கொஞ்சம் பெட்ரோலும் பழைய டூத் பிரஷும் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கம்பியின் அடியையும் தேய்த்தேன். கறுப்புச் சாறாக வழிந்தது. இப்போது எண்ணெயே இல்லாமல் எல்லாக் கம்பியும் தானாக விழுகிறது.

காயவைக்கிற நேரத்தில் கம்பெனியைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். 1816ல் நியூயார்க் மாநிலத்தில் எலிஃபலெட் ரெமிங்டன் என்ற இளைஞர் அப்பாவின் உலைக்களத்தில் தனக்கென்று ஒரு துப்பாக்கிக் குழல் அடித்தார், அதைப் பார்த்தவர்கள் எனக்கும் ஒன்று என்று கேட்டதில் அதுவே தொழிலாகிவிட்டது என்பது காலங்காலமாகச் சொல்லப்படும் கதை. 1825ல் ஈரி கால்வாய் திறந்தது. சரக்கு ஏற்ற வசதி என்று 1828ல் பட்டறையைக் கால்வாய்க் கரைக்குக் கொண்டுபோனார், அந்த இடம்தான் பின்னால் இலியன் என்ற ஊர். 1861ல் உள்நாட்டுப் போர் தொடங்கிய ஆண்டிலேயே அவர் இறந்துபோனார். மகன்கள் ராணுவத்துக்கு ரிவால்வரும் ரைஃபிளும் செய்து கொட்டினார்கள். 1865ல் போர் முடிந்தது, ஆர்டரும் நின்றது. ரோலிங் பிளாக் என்ற ரைஃபிளை டென்மார்க், ஸ்பெயின், எகிப்து என்று வெளிநாடுகளுக்கு விற்றுச் சமாளித்தார்கள், ஆனால் அதுவும் எங்கோ யாரோ சண்டைக்குத் தயாரானால்தான் ஓடுகிற வியாபாரம். அதனால் விவசாயக் கருவி, தையல் மெஷின் என்று கை வைத்தார்கள்.

அங்கேதான் டைப்ரைட்டர் வருகிறது. அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் கிறிஸ்டோபர் ஷோல்ஸ் என்பவர் நண்பர்களோடு சேர்ந்து ஒரு எழுதும் மெஷின் செய்து 1868ல் பேடன்ட் வாங்கியிருந்தார். அது தொழிற்சாலையில் செய்கிற அளவுக்குத் தேறவில்லை. 1873 மார்ச் 1ஆம் தேதி ரெமிங்டனோடு ஒப்பந்தம் ஆனது. ஒரே அளவில் ஆயிரக்கணக்கான உதிரிபாகம் வெட்டத் தெரிந்த ஆட்கள் அங்கே இருந்தார்களே. 1874ல் விற்பனைக்கு வந்த மெஷினின் படத்தைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தேன். தையல் மெஷின் மேஜை, உடம்பு முழுக்கப் பூ வேலை, கேரேஜை, அதாவது காகிதத்தைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நகர்கிற பாகத்தை, திருப்ப காலால் மிதிக்கிற பெடல்! தையல் பிரிவின் கைவண்ணம் என்று சொல்லவே வேண்டாம். விலை 125 டாலர், பெரிய எழுத்து மட்டும்தான் அடிக்கும், கம்பிகள் ரோலரின் அடிப்பக்கம் போய்த் தட்டுவதால் என்ன அடித்தோம் என்று உடனே தெரியாது. நிறைய விற்கவில்லை, அதில் ஆச்சரியமும் இல்லை. 1878ல் வந்த இரண்டாவது மாடலில்தான் ஷிஃப்ட் கீ. கேரேஜை நகர்த்தி ஒரே கம்பியில் இரண்டு எழுத்து. என் மெஷினிலும் ஷிஃப்டை அமுக்கினால் கேரேஜ்தான் நகர்கிறது, அதைப் பார்த்தபோது கொஞ்சம் சிலிர்த்தது.

மூன்றாவது வாரம் கேரேஜை இழுக்கிற நாடா அறுந்தது. புது நாடாவுக்குப் பதில் தூண்டில் நரம்பைக் கட்டலாம் என்று அந்த நாடாவை இழுக்கிற ஸ்பிரிங் டிரம்மைச் சுற்றினேன், ஆறாவது சுற்றில் விரல் வழுக்கி டிரம் மொத்தமும் சர்ரென்று கழன்று கட்டைவிரல் நகத்தில் அடித்தது. இரண்டு நாள் வீங்கியிருந்தது. சும்மா இருந்த அந்த இரண்டு நாளில்தான் மேலே சொன்ன ஓட்டை விழுந்தது.

1886ல் கடன் கழுத்தை நெரிக்க, ரெமிங்டன்கள் டைப்ரைட்டர் தொழிலை அதை விற்றுக்கொண்டிருந்த ஏஜென்டுகளுக்கே கொடுத்துவிட்டார்கள், பெயரோடு சேர்த்து. துப்பாக்கித் தொழிலும் தப்பவில்லை: 1888ல் நியூயார்க் துப்பாக்கி வியாபாரி மார்செலஸ் ஹார்ட்லியின் நிறுவனமும், போட்டிக் கம்பெனியான வின்செஸ்டரும் சேர்ந்து வாங்கி, ரெமிங்டன் ஆர்ம்ஸ் என்று பெயர் வைத்தன. ஆக, என் மேஜையில் இருக்கிற மெஷினைச் செய்தது துப்பாக்கிக் கம்பெனியே இல்லை. பெயர் மட்டும்தான் ஒன்று. வாங்கிய அன்றே நாலு பேருக்குப் போட்டோ அனுப்பி அளந்துவிட்டேன், இப்போது ஒவ்வொருவரிடமாகத் திருத்தம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஒரு ஆறுதல் கிடைத்தது. டைப்ரைட்டர் பக்கம் 1927ல் ரெமிங்டன் ரேண்ட் ஆனது, இரண்டாம் உலகப் போரில் அதே கம்பெனி அமெரிக்க ராணுவத்துக்கு எம்1911ஏ1 கைத்துப்பாக்கியை 8 லட்சத்துக்கும் மேல் செய்து கொடுத்திருக்கிறது. துப்பாக்கிக்காரர்களிடமிருந்து பிரிந்துபோன டைப்ரைட்டர்காரர்கள் சுற்றிவளைத்துத் துப்பாக்கிக்கே வந்து சேர்ந்தார்கள். திருத்தம் சொல்லும்போது இதையும் சேர்த்துக்கொள்கிறேன். துப்பாக்கிப் பக்கத்தின் இலியன் தொழிற்சாலை 2024ல் மூடப்பட்டுவிட்டது. அதற்கு முன் 2018, 2020 என்று அந்தத் துப்பாக்கிக் கம்பெனி இரண்டு முறை திவால்.

இப்போதைய நிலவரம்: பெல் அடிக்கிறது, ரிப்பன் நகர்கிறது, தூண்டில் நரம்பு தாங்குகிறது. ரோலர் ரப்பர்தான் கல்லாக இருக்கிறது, ஆங்கில 'ஓ' அடித்தால் காகிதத்தில் வட்டமாக ஓட்டை. அடியில் இன்னொரு தாள் வைத்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன். புது ரப்பர் ஏற்றித் தருகிறவர் யாராவது தெரிந்தால் சொல்லுங்கள்.