பிளாவில் ஊற்றிய கறுப்புப் பியர்

எனக்கு வேலை கள்ளுக் குடிப்பது என்று சொன்னால் கல்யாண வீடுகளில் ஆட்கள் சிரிப்பார்கள். உண்மையில் குடிப்பதில்லை, வாயில் விட்டுத் துப்புவதுதான். வடமராட்சியில் கள்ளைப் போத்தலில் அடைக்கும் ஒரு சிறிய நிலையத்தில் 11 வருடமாக என் காலைப் பொழுது இப்படித்தான் விடிகிறது. சீவல் தொழிலாளர்கள் கான்களில் கொண்டுவந்து வைப்பார்கள், தொட்டிக்குள் போகுமுன் ஒவ்வொரு கானிலும் ஒரு கரண்டி எடுத்து மணந்து, நாக்கில் உருட்டி, துப்பிவிட்டு, படிவத்தில் "சரி" என்றோ "சரியில்லை" என்றோ எழுத வேண்டும். அவ்வளவுதான் கட்டம், மூன்றாவது சொல்லுக்கு இடமில்லை. புளிப்பை அளக்கும் பிஎச் மீட்டரும் வைத்திருக்கிறோம், ஆனால் மீட்டரைக் கழுவித் துடைத்து எடுப்பதற்குள் மூக்கு சொல்லிவிடும்.

இதை எனக்குப் பழக்கியவர் இப்போது இளைப்பாறிவிட்டார். இளமையில் தானே பனை ஏறிச் சீவியவர், முழங்கால் விட்டுப்போனபின் கீழே நின்று மற்றவர்களின் கள்ளைப் பார்க்கும் வேலைக்கு வந்தவர். அப்பாவின் வயது, ஆனாலும் எல்லோரையும்போல நானும் அண்ணை என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். நுரையை மணக்காதே, அது பொய் சொல்லும் என்பார். காலமை சம்பலும் பாணும் தின்றுவிட்டு வராதே என்பார். தடிமன் என்றால் லீவு போடு என்பார். இந்தக் கடைசிப் பேச்சைக் கேளாமல் ஒருமுறை மூக்கடைப்போடு வந்து நின்று ஒரு தொகுதிக்குச் "சரி" எழுதிவிட்டேன். இரண்டு நாளில் கடைக்காரர் வினாகிரி என்று பெட்டியோடு திருப்பி அனுப்பினார். அண்ணை ஒரு போத்தலைத் திறந்து மணந்தார், வாயில்கூட வைக்கவில்லை. "எழுதினது உன்ர கைதானே, மூக்கில்லையே" என்றார். ஏசியிருந்தால் மறந்திருப்பேன்.

சரி, பியர்க் கதைக்கு வருகிறேன். போன ஆவணியில் கனடாவிலிருந்து வந்த மச்சான் "உன்ர வேலைக்கு உதவும்" என்று காற்சட்டைக்குள் சுற்றி ஒரு போத்தல் கொண்டுவந்தான். கழுத்தில் கறுப்பு மெழுகு. ஸ்டவுட் என்ற கறுப்புப் பியர் வகை, பேர்பன் என்ற அமெரிக்க விஸ்கி கிடந்த ஓக் பீப்பாயில் 10 மாதம் வைத்தது, மதுசாரம் 12 வீதம் என்று லேபிள் சொன்னது. ஸ்டவுட் நமக்குப் புதிதில்லை, நம் நாட்டு லயன் ஸ்டவுட்டே 8.8 வீதம், அதைக் குடித்துவிட்டு வெளிநாட்டு நிபுணர்கள் புகழ்ந்திருக்கிறார்கள். மரத்துக்குள் கிடந்த பியர்தான் எனக்குப் புதிது. ஆனால் நல்லூர் கொடியேறிவிட்டது. எங்கள் வீட்டில் அந்த 25 நாளும் முட்டைகூடப் படி ஏறாது, இதை எங்கே கொண்டுபோய் வைப்பது? சூட்கேசோடு கட்டிலுக்கடியில் தள்ளினேன், மேலே ஆவணி வெயில். இந்த வேலையில் இருப்பவன் செய்யக்கூடாத காரியம் அது, தெரிந்துதான் செய்தேன்.

காத்திருந்த நாட்களில் இதைப்பற்றி வாசித்தேன். அமெரிக்கச் சட்டப்படி பேர்பனை உள்ளே தீயால் கருக்கிய புதிய ஓக் கொள்கலனில்தான் வைக்க வேண்டும், ஒருமுறை பாவித்ததை மறுபடி பேர்பனுக்கு எடுக்க முடியாது. அதனால் 200 லீட்டர் அளவான நல்ல பீப்பாய்கள் வருடாவருடம் வேலையில்லாமல் நிற்க, ஸ்கொட்லாந்து விஸ்கிக்காரர்கள் வாங்கினார்கள், 1990களில் சிக்காகோவின் கூஸ் ஐலண்ட் பியர்க்காரர்கள் அதில் ஸ்டவுட்டை ஊற்றிப் பார்த்தார்கள், பிறகு எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். ஒருவனுடைய கழிவு இன்னொருவனுடைய வாசனையாகிவிட்டது. கறுப்புப் பியருக்கும் மரத்துக்கும் உறவு அதைவிடப் பழையது. லண்டனில் போர்ட்டர் என்ற கறுப்புப் பியரை வீடளவு மரத் தொட்டிகளில் வைத்திருப்பார்களாம். 1814 ஒக்டோபரில் அப்படி ஒரு தொட்டி வெடித்துத் தெருவில் வெள்ளமாகப் பாய்ந்து எட்டுப் பேர் இறந்திருக்கிறார்கள். நம் தென்னஞ்சாராயமும் ஹல்மில்ல மரத் தொட்டியில் கிடந்துதான் நிறம் எடுக்கிறது, வெள்ளைக்காரர் "திருகோணமலை மரம்" என்று பெயர் வைத்தார்களே, அதே மரம்.

தேர், தீர்த்தம், பூங்காவனம் எல்லாம் முடிந்து ஒரு பின்னேரம் போத்தலோடு அண்ணை வீட்டுக்குப் போனேன். அரை மணித்தியாலம் குளிர்ப்பெட்டியில் வைத்து எடுத்திருந்தேன், ஐஸ்போலக் குளிர்ந்தால் இதில் மணம் எழும்பாது. அவர் அதற்குள் குருத்தோலை கிழித்து, கள்ளுக் குடிக்கிற ஓலைக் கிண்ணமான பிளா இரண்டு கோலிவைத்திருந்தார். பியரைப் பிளாவிலா என்று நினைத்தேன், வாய் திறக்கவில்லை. ஊற்றினேன். வண்டி எஞ்சினில் இருந்து இறக்கின எண்ணெய் மாதிரி விழுந்தது, மேலே கோப்பி நிறத்தில் ஒரு நுரை வந்து நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கவே அடங்கிப்போனது. மணந்தால் பச்சை ஓலை மணம் மட்டும்தான் வருகிறது. "இதுக்குப் பிளா ஒத்துவராது, கிளாஸ் எடு" என்றார். பிளாவில் இருந்ததையும் வீணாக்கவில்லை, அது வேறு விஷயம்.

கிளாசில் கதையே மாறிவிட்டது. எனக்கு முதலில் பிடிபட்டது வறுத்த கோப்பி, அப்புறம் கரும் சொக்லேட். லேபிளில் வனிலா, தேங்காய், தோல் என்றெல்லாம் அடித்திருந்தார்கள். அதை வாசித்தபின் மூக்கு அதைத்தான் தேடும், அதனால் அண்ணைக்கு நான் வாசித்துக் காட்டவில்லை. அவர் கிளாசை ஒரு சுழற்றுச் சுழற்றி, தள்ளி வைத்து, வெற்றிலைப் பெட்டியைத் திறந்து மூடி, பிறகுதான் எடுத்து மணந்தார்.

"அடிப்பிடிச்ச பனங்கட்டிப் பாகு."

கொஞ்ச நேரம் கழித்து, "சுருட்டுக் கொட்டிலுக்குள்ள போனா ஒரு மணம் வருமே, அது."

அப்புறம் ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடினார். "பனாட்டுப் பாய். மூண்டாம் நாள் வெயில்ல கிடக்கிற பாய்."

நான் வாயில் விட்டு உருட்டினேன். 11 வருடப் பழக்கம், தலை தானாகத் துப்புவதற்குத் திரும்பிவிட்டது, நிறுத்தி விழுங்க வேண்டியிருந்தது. விழுங்கியபின் நெஞ்சுக்குள் விஸ்கிச் சூடு மெதுவாக இறங்குகிறது. பனம்பழக் களியைப் பாயில் ஊற்றிக் காயவைப்பதுதான் பனாட்டு, அந்தப் பாய் என்று அவர் சொன்னதும் எனக்கு வேறொன்றும் தெரியாமல் போய்விட்டது, அந்த இனிப்பும் ஓரத்தில் இலேசான புளிப்பும், பாயோலையின் காய்ந்த மணமும் அப்படியே இருந்தன. தேங்காய் என்று அவர்கள் அடித்திருந்ததும் பொய்யில்லை. ஓக்கில் லக்டோன் என்று ஒன்று உண்டு, அதுதான் தேங்காய் மணம் தருவது, வனிலாவும் அந்த மரத்துச் சரக்குதான், கருக்கும்போது கூடுதலாக வெளியே வரும். மரம் இத்தனையும் கொடுத்திருக்கிறது.

"ஆனா தம்பி, உள்ளுக்குள்ள ஒரு புளிப்பு நிக்குது. அவங்கள் நினைச்சு வைச்ச புளிப்பில்லை."

பிறகுதான் நானும் பிடித்தேன், நாக்கின் கரையில், விழுங்கி முடிந்தபின். பீப்பாய் மரம் இரும்புபோல அடைப்பானது அல்ல. கொஞ்சம் காற்றுப் போகும், மரத் துளைக்குள் நுண்ணுயிர்கள் ஒளிந்திருக்கும். பிரெட்டனோமைசிஸ் என்று ஒரு காட்டு மதுவம் (ஈஸ்ட்), 1904இல் கார்ல்ஸ்பேர்க் ஆய்வுகூடத்தில் ஆங்கிலப் பியரில் இருந்து கண்டுபிடித்துப் பெயர் வைத்தது, அது புகுந்தால் தோல், தொழுவம் எல்லாம் மணக்கும். பெல்ஜியத்தில் சில பியர்களுக்கு அதை விரும்பி விடுகிறார்கள், இப்படியான ஸ்டவுட்டுக்குள் வந்தால் தலையில் கை வைப்பார்கள். லக்டோபசிலஸ் என்ற பக்டீரியாவும் புளிக்கவைக்கும். இந்தப் போத்தலில் எது தூங்கிக் கிடந்ததோ, என் கட்டிலடி வெயில் அதைத் தட்டி எழுப்பியிருக்கும் என்பது என் கணக்கு. அண்ணைக்கு இந்தப் பெயர் ஒன்றும் சொல்லவில்லை, மரத்துக்குள் உயிர் இருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

"அப்ப முட்டி மாதிரித்தான்" என்றார்.

பனையில் கள்ளுச் சேரக் கட்டும் மண் முட்டியைப் பற்றி அவர் பேசத் தொடங்கினால் இருட்டிவிடும். புது முட்டியில் முதல் இரண்டு மூன்று நாள் கள்ளு கள்ளாக இராதாம். முட்டியை வடிவாகக் கழுவலாம், ஆனால் சுரண்டக் கூடாது. மண் துளைக்குள் நேற்றையது இருந்தால்தான் இன்றையதைத் தொடக்கிவிடும். புளிக்காத இனிப்புக் கருப்பணி வேண்டுமென்றால் உள்ளே சுண்ணாம்பு பூசு, ஒன்றும் தொடங்காது. பத்து முட்டிக்குப் பத்துச் சுவை, எது யாருடைய முட்டி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவாராம். நான் சோதித்துப் பார்த்ததில்லை, ஆனால் நம்புகிறேன். அந்த வெள்ளைக்காரர்கள் மாதக்கணக்கில் காவல் இருக்கும் மாற்றத்தில் பாதி எங்களுக்கு மத்தியானத்துக்குள் நடந்துவிடும், அதனால்தான் எங்களால் ஆற அமர இருந்து பெயர் வைக்க முடியவில்லையோ என்னவோ.

இப்போது முட்டி கண்ணில் படுவதே குறைவு. எங்களுக்கு வருவது பிளாஸ்டிக் கான், போவது எவர்சில்வர் தொட்டி, பிறகு சூடாக்கல், மூடி அடித்தல். பின்னேரம் எல்லாவற்றையும் சோடா போட்டுக் கொதிநீரால் கழுவிவிடுவோம், நேற்றையது ஒரு துளியும் மிஞ்சக் கூடாது. கொழும்புக்குப் போகிற போத்தல் வழியில் வெடிக்கக் கூடாதே, அதனால் நான் இதைக் குறை சொல்லமாட்டேன், என் சம்பளமும் அதில்தான் வருகிறது. ஆனாலும் வைகாசிக் கள்ளும் ஆடிக் கள்ளும் போத்தலில் ஒரே மாதிரி இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. அந்த ஒரே மாதிரியைக் காப்பாற்றத்தான் என்னை வைத்திருக்கிறார்கள் என்பதும் தெரியும்.

இருட்டும்வரை இருந்து இரண்டு கிளாஸ்தான் குடித்தோம், 12 வீதம் விளையாட்டில்லை. மூன்றில் ஒரு பங்கு மிஞ்சியது. போத்தலைத் தக்கையால் அடைத்து அவரிடமே விட்டுவிட்டு வந்தேன்.

அடுத்தநாள் காலமை ஆறேகாலுக்கு, மூன்றாவது கானில் கரண்டி வைத்துக்கொண்டு நிற்க, போன் அடித்தது.

"தம்பி, விடியப் பாத்தனான். புளிப்புக் கூடிட்டுது. சரியில்லை எண்டு எழுது."

எதில் எழுதுவது என்று கேட்டேன்.

"எதிலயெண்டாலும் எழுது. ஆனா இஞ்ச வந்து போத்தலைத் தூக்கிக்கொண்டு போயிடாதை, மிச்சத்தை நான் பாக்கிறன்."