மும்பை தாராவி, எங்கள் சந்து: மழை நாட்குறிப்பு

ஜூலை 12, 2025

வெள்ளம் வந்தால் யாரை எப்படி வெளியேற்றுவது என்பதற்கான சந்துப் பட்டியல் ஒருவழியாக முடிந்தது. வார்டு ஆபீஸ் வரைபடத்தில் எங்கள் சந்து வெறும் கோடு. அந்தக் கோட்டுக்குள் வீட்டின் மேல் வீடு; மேலே போக வெளியே செங்குத்தாக ஓர் இரும்பு ஏணி, பிடித்துக்கொள்ள ஒரு கயிறு. ஆகவே பெயர், வயது, மருந்துக்குப் பக்கத்தில் ‘ஏணி இறங்குவாரா?’ என்றும் ஒரு கட்டம் போட்டேன். மாடி ஆச்சிக்கு மூச்சிழுப்பு, தினமும் நெபுலைசர் (மூச்சு மருந்து தரும் கரண்டு மெஷின்). கேட்டால், “நா எங்கட்டி எறங்கப் போறேன்? எறங்குனா ஒரேயடியாத்தான்” என்கிறாள். ‘இல்லை’ என்று எழுதிக்கொண்டேன்.

ஜூலை 24

ஆடி அமாவாசை. அப்பா தர்ப்பணம் முடித்து வந்தார். எனக்குக் கடல் நினைப்பு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித்தான் ஓதம் (கடலேற்றம்) பெரிதாக வரும், அதுவும் இங்கே நடுப்பகலை ஒட்டி. கடல் நாலரை மீட்டருக்கு மேல் ஏறும் நேரத்தில் வடிகால் மதகைத் திறந்தால் கடல்நீர் உள்ளே வரும், மூடினால் மழைநீர் வெளியே போகாது. பம்புதான் கதி. எத்தனை செ.மீ. மழை என்று கேட்பவர்கள் எத்தனை மணிக்கு என்றும் கேட்டால் தேவலை.

ஜூலை 26

2005-இல் இதே நாள், சாந்தாகுரூஸில் 944 மி.மீ. மழை. சயனிலிருந்து நெஞ்சளவு தண்ணீரில் நடந்து வந்த கதையை அப்பா மறுபடி சொன்னார். அவர் கதையில் ஒவ்வொரு வருஷமும் தண்ணீர் ஒரு விரல் ஏறுகிறது. பேரிடர் மேலாண்மைச் சட்டமும் அந்த வருஷம்தான் வந்தது. டெல்லியில் தொடங்கி மாவட்டம் வரை ஆணையம் உண்டு. இங்கே மாநகராட்சிக்கு 1916 என்ற உதவி எண், வார்டுக்கு ஒரு கட்டுப்பாட்டு அறை. அதற்குக் கீழே நாங்கள்தான்: இட்லிக்காரர், டெய்லர், மண்டல் (கணபதி விழாக் குழு) பையன்கள், நான்.

ஆகஸ்ட் 18

விடாத மழை. மதியப் பள்ளிக்கு லீவு விட்டுவிட்டார்கள். சந்து முனையில் கீழ்வரிசை மீட்டர் பெட்டிகளுக்கும் தண்ணீருக்கும் ஒரு சாண்தான் இடைவெளி. போன் எல்லாம் சார்ஜில்.

ஆகஸ்ட் 19

விடிகாலையில் தண்ணீர் பெட்டியைத் தொட்டுவிட்டது. கரண்டை நிறுத்தச் சொல்லி நாங்களே போன் போட்டோம், உடனே நிறுத்தினார்கள். நின்றதும் ஆச்சியின் நெபுலைசரும் நின்றது.

தங்கவைக்கக் குறித்திருந்த பள்ளியில் பூட்டு. வாட்ச்மேன் கல்யாணில் இருக்கிறார், ரயில் ஓடவில்லை. “சாவி எங்கிட்டதாம்மா இருக்கு, நான் எப்படி வர?” என்று போனில் அவரே புலம்புகிறார். திட்டத்தில் பள்ளி உண்டு, படுக்கை உண்டு, பொறுப்பாளர் உண்டு. சாவி நாற்பது கிலோமீட்டர் தள்ளி. பூட்டை உடைக்கலாமா என்று பேசிக்கொண்டிருந்தபோதே மண்டல் பையன்கள் கணபதி பந்தலைத் திறந்துவிட்டார்கள். மேடை மூன்றடி உயரம், மேலே தகரம், ஜெனரேட்டரும் தயார். சதுர்த்திக்கு இன்னும் எட்டு நாள் இருந்ததால் பிள்ளையார் வரவில்லை, இடம் கிடைத்தது.

ஆச்சியைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, பழைய சேலை இரண்டால் கட்டி, மேலே இருவர் கயிறு பிடிக்க, கீழே இருவர் ஏணியில் நின்று தாங்க, படிப்படியாக இறக்கினோம். நடுவழியில் ஒரு கால் படியில் சிக்கிக்கொண்டது. “மெதுவாலே, சேல கிழிஞ்சிராம!” கவலை சேலையைப் பற்றி. நெபுலைசர் ஓடியதும் டீ கேட்டாள்.

மித்தி ஆறு 3.9 மீட்டருக்கு வந்ததும் குர்லா கிராந்தி நகரில் ஆட்களை வெளியேற்றினார்களாம். சாயங்காலம் மோனோரயில் பாதி வழியில் நின்று, தீயணைப்புப் படை ஏணி வண்டி வைத்து நூற்றுக்கணக்கானவர்களை இறக்கியது. பந்தலில் எல்லோரும் அதைப் போனில் பார்த்தோம். “இதுல ஒண்ணு நம்ம சந்துக்கு வேணும்” என்றார் டெய்லர். சந்துக்குள் சைக்கிளே திரும்பாது.

ஆகஸ்ட் 22

வார்டு ஆபீசிலிருந்து வந்த ஜூனியர் இன்ஜினியரிடம் இரண்டு விஷயம் கேட்டோம். மீட்டர் பெட்டிகளை இடுப்புக்கு மேல் ஏற்ற வேண்டும். பள்ளியின் மாற்றுச் சாவி சந்துக்கு அருகிலேயே இருக்க வேண்டும். முதலாவதற்கு விண்ணப்பம் எழுதச் சொன்னார். இரண்டாவதற்குத் தலைமை ஆசிரியர் ஒப்புக்கொண்டார். சாவி விடிகாலையிலேயே கடை திறக்கும் இட்லிக்காரரிடம். ரசீதில் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் கொடுத்தார்கள்.