எக்ஸ்சேஞ்ச் செமஸ்டர்: ஜெர்மனி கிளம்பும் முன் நம் கல்லூரியில் வாங்க வேண்டிய கையெழுத்து

ஜெர்மனியில் படித்த ஒரு செமஸ்டர் ஒருவழியாக மார்க்‌ஷீட்டில் ஏறிவிட்டது. விசாவைவிட இதுதான் பெரும்பாடு. அடுத்துப் போகிறவர்களாவது அலையாமல் இருக்கட்டும்.

இரண்டு கல்லூரிகளுக்கும் ஒப்பந்தம் இருந்தால்தான் எக்ஸ்சேஞ்ச். நாமே இடம் பிடித்துப் போனால் ஃப்ரீமூவர். பாடன்-வுர்ட்டம்பர்க் மாநிலத்தில் ஃப்ரீமூவராகப் போகும் நம்மவர்கள் செமஸ்டருக்கு 1,500 யூரோ கல்விக் கட்டணம் கட்ட வேண்டும், எக்ஸ்சேஞ்ச் மாணவருக்கு அது கிடையாது. சம்மர் ஸ்கூல் 90 நாளுக்குள் முடிந்தால் குறுகிய காலத்துக்கான ஷெங்கன் விசா போதும். செமஸ்டருக்கு நீண்ட காலம் தங்குவதற்கான டி விசாதான்.

விசா பக்கம் பெரிய சிக்கல் இல்லை. பிளாக்டு அக்கவுண்டில் (செலவுப் பணத்தை முன்பே போட்டு, மாதாமாதம் மட்டும் எடுக்கும் கணக்கு) மாதத்துக்கு 992 யூரோ காட்ட வேண்டும் (2024 செப்டம்பர் முதல் இதுதான் கணக்கு). ஆறு மாதத்துக்கு 5,952.

உண்மையான இடி காலண்டரில் இருக்கிறது. அங்கே குளிர்கால செமஸ்டர் அக்டோபர் முதல் மார்ச் வரை. வகுப்பு பிப்ரவரியில் முடிந்தாலும் பல தேர்வுகள் அதற்குப் பிறகுதான். நமக்கோ ஒரு செமஸ்டர் ஜூலையில் தொடங்கி நவம்பரில் முடிகிறது, ஜனவரியில் அடுத்தது ஆரம்பம். ஆக, ஒரு செமஸ்டருக்குப் போனால் இங்கே இரண்டு அடிபடும். வருகைப் பதிவு விலக்கை எழுத்தில் வாங்காமல் டிக்கெட் போடாதீர்கள். வாய்ப்பேச்சு செல்லாது, துறைத்தலைவர் மாறினால் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

அடுத்தது லேர்னிங் அக்ரிமென்ட், அதாவது அங்கே எந்தப் பாடங்கள் படிக்கப் போகிறோம் என்ற ஒப்பந்தப் படிவம். மாணவர், நம் கல்லூரி, அங்குள்ள பல்கலைக்கழகம் என மூன்று கையெழுத்து. துறையில் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். ஆனால் மதிப்பெண் ஏற்றுவது தேர்வுப் பிரிவு. அந்தப் பிரிவில் ஒரு கோப்பு திறந்து, எந்தப் பாடத்துக்கு எது ஈடு, எத்தனை ஈசிடிஎஸ்ஸுக்கு (ஐரோப்பிய கிரெடிட்) நம் கணக்கில் எத்தனை கிரெடிட் என்று போகும் முன்பே பதிவாக வேண்டும். அங்கே போன பிறகு பாடம் மாறினால் (நேர மோதலால் கட்டாயம் மாறும்) திருத்திய படிவத்திலும் மூன்று கையெழுத்து தேவை.

எனக்கு இன்னும் ஆறாதது கிரேடு விஷயம். ஜெர்மனியில் 1.0தான் உச்சம், 4.0 பாஸ், 5.0 ஃபெயில். நம் தேர்வுப் பிரிவு கிளார்க் என் 1.3ஐப் பார்த்துவிட்டு, "பத்துக்கு ஒண்ணே கால்தானே, இது ஃபெயில்ப்பா" என்று கோப்பைத் திருப்பிவிட்டார். எவ்வளவு விளக்கியும் எடுபடவில்லை. வெளிநாட்டு மதிப்பெண்ணை ஜெர்மன் கிரேடாக மாற்றும் பவேரியன் சூத்திரத்தைத் திருப்பிப் போட்டு, உச்சம் 10, பாஸ் 5 என்று வைத்தால் 1.3 என்பது 9.5. அதைக் கணக்காக எழுதி, கிரேடிங் ஸ்கேல் பக்கத்தையும் இணைத்த பிறகுதான் கோப்பு நகர்ந்தது.

பெயரும் படுத்தும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக இருக்கும், நம் மார்க்‌ஷீட்டில் வெறும் இனிஷியல். அங்கிருந்து வரும் டிரான்ஸ்கிரிப்ட் பாஸ்போர்ட்படி இருப்பதால் "இது வேற ஆளு" என்பார்கள். இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று போனஃபைடு சான்றிதழ் முன்பே வாங்கி வையுங்கள்.

அங்கே வகுப்புக்குப் போனால் மட்டும் தேர்வு எழுத முடியாது, தேர்வுக்குத் தனியாகப் பதிய வேண்டும். தேதி தப்பினால் அந்த கிரெடிட் போச்சு. முடிவுகள் பெரும்பாலும் நாம் ஊர் திரும்பிய பிறகே வரும். ஆகவே ஜெர்மனியிலிருந்து கிளம்பும் முன் அந்தப் பல்கலைக்கழகத்தின் இன்டர்நேஷனல் ஆபீசில் நம் கல்லூரியின் தேர்வுப் பிரிவு முகவரியைக் கொடுத்து, முத்திரையிட்ட டிரான்ஸ்கிரிப்டை நேராக அங்கேயே அனுப்பச் சொல்லுங்கள். ஒரு நகல் உங்கள் வீட்டுக்கும்.