பின்னாடி வர்றேன்னு சொன்னவருக்கு

ஆடி அமாவாசைக்கு, கேரளத்தில் பாரதப்புழை ஆற்றங்கரையில் பித்ரு காரியம் செய்யும் ஐவர்மடம் கிருஷ்ணன் கோயிலுக்குப் போய் வந்தாச்சு. அம்மாயியின், அதாவது அம்மாவைப் பெற்றவளின், ஆசை ஒருவழியாக நிறைவேறியது.

நாங்கள் பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறைக்காரர்கள். அம்மாயியின் அண்ணன் மலாயாவில் ரப்பர் தோட்டத்துக்குப் பால் வெட்டப் போனவர். கத்தியைத் தவிர வேறெதையும் பிடித்தறியாத கை. 1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூர் வந்த பிறகு தோட்டத்துத் தமிழாட்கள் கூட்டங்கூட்டமாக அவருடைய இந்திய தேசிய ராணுவத்தில் (ஐ.என்.ஏ.) சேர்ந்தார்களே, அதில் இவரும் ஒருவர். அடுத்த வருஷம் இம்பால் சண்டை. கூட நடந்து பிழைத்து வந்த ஒருவர் பிற்பாடு ஊருக்கு வந்து சொன்னாராம்: காய்ச்சல் முற்றி ஒரு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார், "நீ நட, நான் பின்னாடி வர்றேன்" என்றாராம்.

அவ்வளவுதான் சேதி.

"வர்றேன்னு சொன்னவனுக்கு எப்படிச் சாமி எள்ளு எறைக்கறது?" அம்மாயி கடைசிவரை யாரையும் செய்ய விடவில்லை. கண் மூடுவதற்கு இரண்டு நாள் முன்புதான், "எனக்கு வெக்கறப்ப அண்ணனுக்கும் ஒரு உருண்டை வெச்சிரு கண்ணு" என்றாள்.

லக்கிடி பாலம் தாண்டியதுமே நெரிசல். ஒரு தோப்பில் வண்டியை விட 200 ரூபாய் வாங்கினான் ஒருத்தன். ரசீது கேட்டால் முறைக்கிறான். இன்னொருத்தன் 'ஸ்பெஷல் வரிசை' என்று கையைப் பிடித்து இழுக்கிறான். பித்ரு காரியத்துக்கு என்னய்யா ஸ்பெஷல்? ஈரத்துணியோடு இரண்டு மணி நேரம் நின்றோம், மழை விடவேயில்லை. சேற்றில் கால் வழுக்கியதற்கு முணுமுணுத்துக்கொண்டிருந்தவனுக்குச் சட்டென்று உறைத்தது: இம்பாலிலிருந்து பசியும் மலேரியாவுமாக அவர்கள் திரும்பி நடந்ததும் இந்த ஆடி மழையில்தான்.

பாரதப்புழை கலங்கி, கரை தொட்டு ஓடியது. அதிகம் இறங்கக் கூடாதென்று கயிறு கட்டியிருந்தார்கள். "பேரும் நாளும்?" என்றார் காரியம் செய்து வைக்கும் கர்மி. அம்மாயிக்குச் சொன்னேன். அடுத்த உருண்டை. பேரைச் சொல்லி, "திருவாதிரை" என்றேன். செத்த நாள் யாருக்கும் தெரியாது. மாசாமாசம் திருவாதிரைக்கு அண்ணன் பேரில் விளக்குப் போட்டுப் போட்டே அந்த நட்சத்திரத்தை எங்களுக்கு மனப்பாடமாக்கிவிட்டுப் போயிருக்கிறாள். எள்ளும் சிறுபீளையும் ஒட்டிய அந்த உருண்டை விரலைவிட்டுச் சீக்கிரம் பிரியவில்லை.

இலையைத் தலைக்குமேல் தூக்கிப் பின்பக்கமாக ஆற்றில் விடச் சொன்னார். விட்டேன். "திரிஞ்ஞு நோக்கண்டா" என்றார், திரும்பிப் பார்க்க வேண்டாமாம்.

குருக்ஷேத்திரத்தில் மாண்டவர்களுக்குப் பஞ்சபாண்டவர் பிண்டம் வைத்த கரை என்பார்கள். தேரோட்டியவனே சன்னதியில் நிற்கிறான். வேண்டிக்கொள்ள நிறைய வைத்திருந்தேன், மகளின் வேலை, வீட்டுக் கடன், எல்லாம். ஒன்றும் வாயில் வரவில்லை. அந்த மரத்தடியில் நாங்கள் யாரும் இல்லை, நீ இருந்திருப்பாய் கிருஷ்ணா. எண்பது வருஷம் கழித்தாவது கூப்பிட்டாயே, போதும் போதும் என்றுதான் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

ஆற்றங்கரையில் திரும்பிப் பார்த்துவிட்டேன் என்பதையும் அவனிடம் சொல்லிவிட்டேன்.