சுப்ராவைத் திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை
என்னிடம் இருக்கும் டொயோட்டா சுப்ரா ஸ்போர்ட்ஸ் காரின் 3 வருட லீஸ் (வாடகை ஒப்பந்தம்) அடுத்த மாதத்தோடு முடிகிறது. 2023 மாடல், ஆறு சிலிண்டர், இந்தத் தலைமுறை சுப்ராவுக்கு டொயோட்டா முதன்முதலாக மேனுவல் கியர் கொடுத்தது அந்த மாடலில்தான், அதற்காகவே எடுத்தேன். லீஸ் முடிவில் நானே வாங்கிக்கொள்வதற்கான விலையாக ஒப்பந்தத்தில் அன்றே எழுதிய மீதி மதிப்பு 34,000 டாலர், இதே அளவு ஓடிய வண்டியை இங்கே நியூ ஜெர்சியில் 40,000-க்குக் கீழே நான் பார்க்கவே இல்லை. ஒப்பந்த வரம்பைவிட 6,000 மைல் கூடுதலாக வேறு ஓட்டியிருக்கிறேன், திருப்பிக் கொடுத்தால் மைலுக்கு 25 சென்ட் வீதம் 1,500 டாலர் கட்டவேண்டும், நானே வாங்கிக்கொண்டால் அது கிடையாது. சரி, விற்பனை வரி 6.625 சதவீதம் இருக்கிறது, பின் டயர் இரண்டும் தேய்ந்துவிட்டன. அப்புறம், "இருப்பதே ரெண்டு சீட்டு, பிள்ளையை எங்கே உட்கார வைப்பீங்க?" என்று மனைவி கேட்கிறார், நியாயமான கேள்வி. ஆனால் இப்படி ஒரு வண்டி எனக்கு இன்னொரு முறை வாய்க்காது. கிரெடிட் யூனியனில் (உறுப்பினர்களுக்குக் கடன் தரும் கூட்டுறவு நிறுவனம்) கடனுக்கு வட்டி எவ்வளவு என்று கேட்டிருக்கிறேன், வெள்ளிக்கிழமை சொல்வார்கள்.